தேற்றரவாளன்: ஒரு சொல், பல பாஷைகள்

வேதபாடம்
வாசிக்க வேண்டிய பகுதிகள்: யோவான் 14:16-18, 26, 15:26, 16:7-13, 1 யோவான் 2:1, யோபு 2:11-13, 16:2



இந்த மாத வேதபாடத்தை ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நானாக யோசித்து எடுத்த கேள்வி அல்ல இது. நம் சபையிலுள்ள ஒரு சகோதரி என்னிடம் கேட்டது. "எழுதுங்க பாஸ்டர், என்னை மாதிரி இன்னும் நாலு பேர் இருப்பாங்க, பேரு மட்டும் போடாதீங்க" என்று அவர்களே சொன்னபடியால் எழுதுகிறேன்.

அந்த சகோதரியின் புருஷன் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் லாரி மோதி இறந்துபோனார். இரண்டு சின்னப் பிள்ளைகள். அடக்க ஆராதனையிலும், அதற்குப் பிறகு வீட்டில் நடந்த ஜெபத்திலும் நான்தான் பேசினேன். பரிசுத்த ஆவியானவர் தேற்றரவாளன், அவர் உங்கள் உள்ளத்தை ஆறுதலால் நிரப்புவார் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் போகிற வரைக்கும் காத்திருந்து அவர்கள் கேட்டார்கள்:

"பாஸ்டர், தேற்றரவாளன், தேற்றரவாளன்னு சொல்றீங்க. எனக்கு ஒரு ஆறுதலும் வரலையே. ராத்திரி ஆனா நெஞ்சு அடைக்குது. அப்படின்னா ஆவியானவர் என்னை விட்டுப் போயிட்டாரா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விசுவாசம் குறைஞ்சிருக்கும்மா, இன்னும் நல்லா ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் ஒன்றும் பேசாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் பழைய வேதாகமக் கல்லூரி நோட்டுகளையும் ஒத்தவாக்கிய அகராதியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நாட்களில் நான் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1. கிரேக்க மூலச்சொல்

நம்முடைய தமிழ் வேதாகமத்தில் தேற்றரவாளன் என்று வருகிற இடத்தில், கிரேக்க மூலத்தில் இருக்கிற சொல் பராக்லேத்தோஸ். "பாரா" என்றால் பக்கத்தில். "க்லேத்தோஸ்" என்றால் அழைக்கப்பட்டவர். பக்கத்தில் நிற்கும்படி அழைக்கப்பட்டவர் என்பது சேர்ந்து வரும் அர்த்தம்.

புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் ஐந்தே தடவைதான் வருகிறது. ஐந்தும் யோவானின் எழுத்துக்களில்தான். சுவிசேஷத்தில் நான்கு இடங்களில் பரிசுத்த ஆவியானவரைக் குறிக்கிறது. ஐந்தாவது இடம் 1 யோவான் 2:1. அங்கே இந்தச் சொல் இயேசு கிறிஸ்துவைக் குறிக்கிறது! தமிழில் அந்த இடத்தில் தேற்றரவாளன் என்று போடாமல் "பரிந்து பேசுகிறவர்" என்று மொழிபெயர்த்திருப்பதால், இரண்டும் ஒரே சொல் என்பது நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது. யோவான் 14:16-ல் ஆண்டவர் "வேறொரு" என்று ஏன் சொன்னார்? முதலாவது பராக்லேத்தோஸ் அவரே. சீஷரோடு மூன்றரை வருஷம் கூட நின்றவர், தாம் போகும்போது தம்மைப்போலவே கூட நிற்கிற வேறொருவரைத் தருவதாக வாக்குப்பண்ணுகிறார்.

யோவான் எழுதுவதற்கு முன்னே அந்தச் சொல்லை ஜனங்கள் எங்கே பயன்படுத்தினார்கள்? நியாயஸ்தலத்தில்! பழைய ஆதென்ஸ் பட்டணத்தில் இந்தக் காலத்தைப்போல வக்கீல் தொழில் கிடையாது. வழக்குக்காரன் தன் வழக்கைத் தானே பேச வேண்டும். அவனுக்குத் துணையாக, அவனுக்காகப் பரிந்து பேச, மதிப்புள்ள சிநேகிதர்கள் வந்து பக்கத்தில் நிற்பார்கள். கி.மு. 343-ல் தெமொஸ்தெனேஸ் என்ற பிரபல பேச்சாளர் நியாயஸ்தலத்தில் பேசிய ஒரு பேச்சின் ஆரம்பத்திலேயே இந்தச் சொல் வருகிறது. எதிராளிக்காக வந்து நிற்கிற இந்தப் பராக்லேத்தோஸ்களின் கெஞ்சுதலைப் பார்த்து மயங்காமல் நியாயத்தைப் பாருங்கள் என்று அவர் கேட்டுக்கொள்கிறார்.

ஆக, கூட நிற்கிற ஆள் என்பதுதான் முதல் அர்த்தம். ஆறுதல் அதற்குப் பின்னால் வருகிறது.

2. எபிரெயரும் சீரியரும்

யூத ரபீமார் இந்தக் கிரேக்கச் சொல்லை அப்படியே எடுத்து "பெரக்லீத்" என்று தங்கள் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். நாம் கோர்ட், ஜாமீன், வக்கீல் என்று வேறு பாஷைச் சொற்களை எடுத்துப் பேசுகிறோமே, அதேபோலத்தான். ஏறக்குறைய கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் ஆவோத் என்ற பகுதி, 4-ம் அதிகாரத்தில் ஒரு போதனை உண்டு. ஒரு கற்பனையைக் கைக்கொள்ளுகிறவன் தனக்கு ஒரு பெரக்லீத்தைச் சம்பாதிக்கிறான். ஒரு மீறுதலைச் செய்கிறவன் தனக்கு ஒரு கத்தேகோரைச் சம்பாதிக்கிறான் என்பது அதன் கருத்து. கத்தேகோர் என்பதும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். குற்றஞ்சாட்டுகிறவன் என்று அர்த்தம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 12:10-ஐத் திறந்து பாருங்கள். இரவும் பகலும் சகோதரர்மேல் குற்றஞ்சாட்டுகிறவன் கீழே தள்ளப்பட்டான் என்று வாசிக்கிறோமே, அங்கே கிரேக்கத்தில் இருப்பது இதே கத்தேகோர்தான். ஒரு பக்கம் கத்தேகோர், ஒரு பக்கம் பராக்லேத்தோஸ். ரபீமார் சொன்னபடி நம் நற்கிரியைகளே நமக்கு வக்கீல் என்றால், நம்மில் எத்தனை பேருடைய வழக்கு நிற்கும்? ஆனால் யோவான் சொல்லுவது என்ன? நாம் பாவஞ்செய்தாலும் நமக்காகப் பேசுகிறவர் ஒருவர் பிதாவினிடத்தில் உண்டு, அவர் நீதியுள்ள இயேசு கிறிஸ்து என்கிறார். அல்லேலூயா!

சீரிய பாஷை வேதாகமமாகிய பெஷீத்தாவும் இந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் "பரக்லீத்தா" என்றே வைத்துக்கொண்டது. கேரளாவிலுள்ள பழைய சீரியன் சபைகளின் ஆராதனை வழியாக, நம் தேசத்துக்கும் இந்தச் சொல் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

3. லத்தீனிலிருந்து ஐரோப்பாவுக்கு

லத்தீன் பாஷைக்காரர் இந்தச் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து மொழிபெயர்த்தார்கள். "அத்" என்றால் கிட்டே. "வோகாத்துஸ்" என்றால் அழைக்கப்பட்டவர். சேர்த்துச் சொன்னால் அத்வோகாத்துஸ். கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வரிசையாகப் பலகை தொங்குகிறதே, அட்வகேட் என்று, அது இந்தச் சொல்தான்! நாம் தினமும் பார்த்துக்கொண்டு போகிற பலகையில் பராக்லேத்தோஸின் லத்தீன் மொழிபெயர்ப்பு எழுதியிருக்கிறது. லத்தீன் வுல்காத்தா வேதாகமம் 1 யோவான் 2:1-ல் அத்வோகாத்துஸ் என்று போட்டது. சுவிசேஷத்திலோ கிரேக்கச் சொல்லையே வைத்துவிட்டது. ஒரே சொல்லுக்கு இரண்டு பெயர் போடுகிற வழக்கம் நம் தமிழுக்கு மாத்திரம் உரியது அல்ல, பாருங்கள். 3-ம் நூற்றாண்டிலேயே ஒரிகேன் என்ற சபைப் பிதா, சுவிசேஷத்தில் தேற்றுகிறவர், நிருபத்தில் மன்றாடுகிறவர் என்று அர்த்தத்தைப் பிரித்துச் சொன்னார்.

1380-களில் வந்த விக்லிப்பின் ஆங்கில வேதாகமம் சுவிசேஷத்தில் கம்ஃபர்ட்டர் என்று எழுதியது. 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பதிப்பும் அதையே பின்பற்றியது. கம்ஃபர்ட் என்றவுடன் மெத்தை, நாற்காலி, ஏசி என்று நமக்கு நினைவு வருகிறது. ஆனால் அதன் வேர் "ஃபோர்த்திஸ்" என்ற லத்தீன் சொல். பலமான என்று அர்த்தம். பலப்படுத்துகிறவர் என்பதுதான் அந்த நாட்களில் ஜனங்கள் அதைக் கேட்டு விளங்கிக்கொண்ட அர்த்தம். பாஷை மாற மாற அந்தச் சொல்லிலிருந்து பலம் போய் சொகுசு வந்து உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் பிற்காலத்து ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் ஹெல்ப்பர், கவுன்சிலர், அட்வகேட் என்று வெவ்வேறு சொற்களைத் தேடினார்கள். என்.ஐ.வி. பதிப்பு முதலில் கவுன்சிலர் என்று போட்டு, 2011-ல் அட்வகேட் என்று மாற்றிக்கொண்டது.

4. நம் தேசத்துப் பாஷைகள்

நம் ஆராதனையில் மலையாள விசுவாசிகளும் தெலுங்கு விசுவாசிகளும் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். அவர்கள் வேதாகமத்தை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள்.

மலையாள வேதாகமத்தில் "காரியஸ்தன்" என்று இருக்கிறது. நம் காரியத்தைப் பொறுப்பெடுத்து நடத்துகிறவர். சொத்து, வழக்கு, வரவு செலவு எல்லாம் அவர் கையில். மலையாளத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. 1 யோவான் 2:1-லும் காரியஸ்தன் என்றே வருவதால், ஆவியானவருக்கும் குமாரனுக்கும் ஒரே சொல் என்பது அவர்களுக்கு எளிதில் விளங்கும். நாம் சொல்லுகிற வக்கீல் என்ற அரபிச் சொல்லும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. காரியத்தை ஒப்படைத்த ஆள் என்பது அதன் அர்த்தம்.

தெலுங்கில் "ஆதரணகர்த்த". ஆதரிக்கிறவர். இந்தியில் "சகாயக்". சகாயம் செய்கிறவர். 1995-ல் வெளிவந்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தில் "துணையாளர்".

நம்முடைய தேற்றரவாளன் குறைந்த சொல்லா? இல்லவே இல்லை. 1871-ல் பவர் ஐயர் தலைமையில் வெளிவந்த வேதாகமத்தின் வழியாக இந்தச் சொல் நம் இருதயத்தில் ஊறியிருக்கிறது. அதன் வேர் "தேறு". காய்ச்சலில் கிடந்தவன் எழுந்து நடந்தால் "உடம்பு தேறிட்டான்" என்கிறோம். பரீட்சையில் பாஸானால் "தேறிட்டான்" என்கிறோம். தேறுகிறது என்றால் பலங்கொண்டு எழும்புகிறது. அப்படி எழும்பச் செய்கிறவர் தேற்றரவாளன். கண்ணீரைத் துடைத்துவிட்டுப் போகிறவர் என்று மட்டும் நாம் அதைச் சின்னதாக ஆக்கிவிட்டோம்.

ஒரு எச்சரிப்பும் சொல்ல வேண்டும். ஒரு சொல்லின் வேரை மாத்திரம் பிடித்துக்கொண்டு உபதேசம் கட்டக்கூடாது. வசனத்தில் அது எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும். பார்ப்போமா? போதிப்பார், நினைப்பூட்டுவார் (14:26). சாட்சி கொடுப்பார் (15:26). பாவம், நீதி, நியாயத்தீர்ப்பு இவைகளைக் குறித்து உலகத்துக்கு உணர்த்துவார் (16:8). சத்தியத்துக்குள் நடத்துவார் (16:13). சாட்சி, நீதி, நியாயத்தீர்ப்பு: எல்லாம் கோர்ட்டில் கேட்கிற வார்த்தைகள்தானே! துக்கம் உடனே நீங்கிவிடும் என்று இந்த வசனங்களில் எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. எப்போதும் உங்களோடு இருப்பார் (14:16), உங்களைத் திக்கற்றவர்களாக விடமாட்டேன் (14:18) என்பதுதான் வாக்குத்தத்தம்.

5. யோபுவின் தேற்றரவாளர்

இந்தப் பாடத்தில் என்னைக் குத்தின இடம் இதுதான். ஒத்தவாக்கிய அகராதியில் தேற்றரவாளன் என்று தேடிக்கொண்டு போனால், பழைய ஏற்பாட்டில் யோபு 16:2-க்குக் கொண்டுபோய் விடுகிறது. யோபு தன் சிநேகிதரைப் பார்த்து அலுத்துப்போய்ச் சொல்லுகிற இடம். அங்கே அவர்களுக்குக் கொடுத்திருக்கிற பேர் "தேற்றரவாளர்". தேற்ற வந்தவர்களே அலட்டுகிறவர்களாய் ஆகிவிட்டார்கள் என்பது யோபுவின் புலம்பல். கிரேக்கத்திலும் அப்படியே. 2-ம் நூற்றாண்டில் பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்த அக்கிலா, தெயொதொத்தியோன் என்ற இருவரும் இந்த இடத்தில் பராக்லேத்தோஸ் என்ற சொல்லையே போட்டார்கள்.

அந்த சிநேகிதர் ஆரம்பத்தில் நல்லவர்கள்தான். யோபு 2:13-ன்படி ஏழு நாள் இரவும் பகலும் தரையிலே அவனோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரைக்கும் அவர்கள் உண்மையான தேற்றரவாளர். எப்போது கெட்டது? வாயைத் திறந்தபோது! ஏன் இப்படி ஆச்சு, உன்னிடத்தில் என்ன குறை என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். பராக்லேத்தோஸாக வந்தவர்கள் கத்தேகோராக மாறிப்போனார்கள்.

பிரியமானவர்களே, "விசுவாசம் குறைஞ்சிருக்கும்மா" என்று நான் சொன்னேனே, அது எந்த வரிசையில் சேரும்? அபிஷேகம் பெற்ற போதகன், அந்நியபாஷையில் பேசுகிறவன், துக்கத்தில் இருந்த ஒரு விதவையிடம் எலிப்பாஸாக நின்றேன். கர்த்தருடைய சமுகத்தில் அழுது அறிக்கையிட்டேன். பிறகு அந்த சகோதரியின் வீட்டுக்குப் போய், "அம்மா, அன்னைக்கு நான் தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று கேட்டேன்.

6. கோர்ட்டில் நடந்தது

அப்போது அவர்கள் ஒரு சங்கதி சொன்னார்கள். முந்தின வாரம் புருஷனுடைய விபத்து நஷ்டஈடு வழக்கில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நம் சபையில் முன்வரிசையில் உட்காருகிற ஒரு பாட்டியம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், "நானும் வர்றேன் கண்ணு" என்று கூடக் கிளம்பிவிட்டார்கள். காலை பத்து மணியிலிருந்து கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். பேர் கூப்பிட மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. பாட்டியம்மா பிரசங்கம் பண்ணவில்லை. காரணம் கேட்கவில்லை. டிபன் பாக்ஸில் கொண்டுபோன தயிர்சாதத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கூண்டுல ஏறினப்போ கால் நடுங்குச்சு பாஸ்டர். எதிர்ப்பக்கத்து வக்கீல் குறுக்கு விசாரணையில என்னென்னமோ கேட்டார். என் பக்கத்து வக்கீல் எழுந்து எனக்காகப் பேசினார். திரும்பிப் பார்த்தா பின்னாடி பாட்டி நின்னுக்கிட்டிருந்தாங்க. அழுகை நிக்கலை. ஆனா நான் தனியா இல்லைன்னு தெரிஞ்சுது. பேசி முடிச்சிட்டேன்."

நான் என் பைபிளைத் திறந்து, படித்ததை எல்லாம் அவர்களுக்குக் காண்பித்தேன். "அம்மா, நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே, ஆவியானவர் விட்டுப் போயிட்டாரான்னு. பராக்லேத்தோஸ்னா இதுதாம்மா. உங்களுக்காகப் பேசுறவர், உங்க கூட நிக்கிறவர். நெஞ்சு அடைக்கிற ராத்திரியிலயும் அவர் பக்கத்துல தான் இருக்கார்." அவர்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாஸ்டர்" என்றார்கள். அது நியாயமான வார்த்தை.

7. நாம் செய்ய வேண்டியது

முதலாவது, ஆறுதல் உணர்வு வேறு, தேற்றரவாளன் வேறு. உணர்வு வரும், போகும். அவர் ஆள்தத்துவமுள்ள தேவன், என்றென்றைக்கும் கூட இருக்கிறவர். ஆராதனையில் உடம்பு சிலிர்த்தால் இருக்கிறார், சிலிர்க்காவிட்டால் போய்விட்டார் என்று எண்ணாதிருங்கள். ஜெபிக்க வார்த்தை வராமல் பெருமூச்சு மட்டும் வருகிற நேரத்திலும் அவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26-ல் பார்க்கிறோமே.

இரண்டாவது, உள்ளத்தில் குற்றஞ்சாட்டுகிற சத்தம் கேட்கும்போது அது யாருடைய சத்தம் என்று பகுத்தறியுங்கள். ஆவியானவர் பாவத்தை உணர்த்துவார். உணர்த்தி, இயேசுவண்டைக்கு நடத்துவார். கத்தேகோரோ குற்றஞ்சாட்டி, இயேசுவை விட்டே துரத்தப் பார்ப்பான். முடிவில் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஆவியினால் நிறைந்தவர்கள் கூட நிற்கிறவர்களாய் இருப்பார்கள். அப்போஸ்தலர் 4:36-ல் பர்னபா என்ற பேருக்கு ஆறுதலின் மகன் என்று அர்த்தம் சொல்லியிருக்கிறது. அந்த ஆறுதல், கிரேக்கத்தில் பராக்லேசிஸ். இதே குடும்பத்துச் சொல். அவர் என்ன செய்தார்? எருசலேமில் எல்லாரும் சவுலைக் கண்டு பயந்தபோது, அவனைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடத்தில் போய், அவனுக்காகப் பேசினார் (9:27). ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில், தாலுகா ஆபீஸில், கோர்ட் வராந்தாவில் நம் விசுவாசிகள் தனியாக நிற்கிறார்கள். "ஜெபிச்சுக்கிறேன்" என்று சொல்லுவதோடு நிறுத்தாமல், "நானும் கூட வர்றேன்" என்று சொல்லக் கற்றுக்கொள்வோம்.

குடும்ப ஜெபத்தில் பேச:
1. பராக்லேத்தோஸ் என்ற சொல் வரும் ஐந்து இடங்களையும் வாசித்து, அவர் செய்கிற காரியங்களை ஒரு தாளில் எழுதுங்கள்.
2. யோபுவின் சிநேகிதர் எந்த இடத்தில் தவறினார்கள்? நாம் துக்க வீட்டுக்குப் போகும்போது பேசுகிற வார்த்தைகளில் எவைகளை விட்டுவிட வேண்டும்?
3. இந்த வாரம் நீங்கள் கூடப்போய் நிற்க வேண்டிய ஒருவர் யார்?

ஜெபம்: எங்கள் அன்பின் பரம பிதாவே, எங்களைத் திக்கற்றவர்களாக விடாதபடி வேறொரு தேற்றரவாளனைத் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். உணர்வு இல்லாத நேரத்திலும் உம்முடைய ஆவியானவர் பக்கத்தில் நிற்கிறார் என்று விசுவாசிக்க எங்களுக்குக் கிருபை தாரும். குற்றஞ்சாட்டுகிற நாவை எங்களிடமிருந்து எடுத்துப்போட்டு, மற்றவர்களோடு கூட நிற்கிற இருதயத்தைத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.